ஜார்ஜியா 2020: ஐம்பது லட்சம் சீட்டுகளைக் கையால் எண்ணிய ஆறு நாட்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், வடமேற்கு மூலையில் ஃப்ளாய்ட் என்று ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) இருக்கிறது. ரோம் என்ற சிறு நகரம்தான் அதன் தலைமையிடம். 2020 அதிபர் தேர்தலில் அங்கே போடப்பட்ட சுமார் 2,600 வாக்குகள் கணக்கில் ஏறாமலே கிடந்தன. யாரும் அவற்றைத் திருடவில்லை, ஒளித்தும் வைக்கவில்லை. ஸ்கேனரில் போயிருக்க வேண்டிய சீட்டுகள் போகவில்லை, அவ்வளவுதான். தேர்தல் இரவில் அது யார் கண்ணிலும் படவில்லை. நவம்பர் 3-இல் வாக்குப்பதிவு. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, அந்தச் சீட்டுகளை மனிதர்கள் கையில் எடுத்து எண்ணியபோதுதான் கணக்கு இடித்தது.

தேர்தலுக்குப் பிந்தைய தணிக்கை எதற்கு என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஃப்ளாய்ட் கதையைத்தான். மோசடியைப் பிடிக்கும் வலை என்றே பலர் தணிக்கையை நினைக்கிறார்கள். மோசடி இருந்தால் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் வழக்கமாக அதில் சிக்குவது களைத்துப்போன ஊழியர் மறந்த பெட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றாமல் விட்ட மெமரி கார்டு, இரண்டு முறை பதிவான ஒரு கட்டு போன்றவைதான். முடிவு சான்றளிக்கப்படும் முன்பே அவை வெளியே வந்துவிட்டால், அந்தத் தணிக்கை தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

காகிதம் எப்படி வந்தது

அமெரிக்காவில் நம் தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதும் தேர்தலை நடத்தும் ஓர் அமைப்பு கிடையாது. தேர்தல் மாநிலத்தின் வேலை. அதைக் களத்தில் செய்வது கவுண்டிகள். அதனால் தணிக்கையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 1 சதவீத வாக்குச்சாவடிகளைப் பொறுக்கிக் கையால் எண்ணும் சட்டம் 1960-களிலிருந்தே இருக்கிறது. கொலராடோ 2017-இல் புள்ளியியல் அடிப்படையிலான தணிக்கையை மாநிலம் முழுவதும் நடத்தியது. அமெரிக்காவில் அதுதான் முதல் முறை.

ஜார்ஜியாவோ 2002-லிருந்து காகிதமே இல்லாத டச் ஸ்கிரீன் இயந்திரங்களை வைத்திருந்தது. வாக்காளர் திரையைத் தொட்டால் வாக்கு மெமரியில் பதிவாகும். பிறகு யாராவது சந்தேகம் கிளப்பினால், அதே இயந்திரத்திடம் அதே எண்ணைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு மேல் வழியில்லை. காகிதம் இல்லாத இடத்தில் தணிக்கை என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. 2019 ஆகஸ்டில், இதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட கர்லிங் வழக்கில் கூட்டாட்சி நீதிபதி ஏமி டோட்டன்பெர்க், அந்த ஆண்டுக்குப் பிறகு அந்த இயந்திரங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பே மாநிலச் சட்டமன்றம் ஹெச்.பி. 316 என்ற சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. புதிய இயந்திரங்கள் காகிதச் சீட்டை அச்சிட வேண்டும் என்றும், 2020 நவம்பர் பொதுத்தேர்தல் தொடங்கி முடிவுகளைத் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் அது சொன்னது.

டொமினியன் நிறுவனத்தின் இயந்திரங்கள் சுமார் 10.7 கோடி டாலருக்கு வாங்கப்பட்டன. வாக்காளர் திரையில் தேர்வு செய்வார், பிரின்டரிலிருந்து ஒரு தாள் வரும். அதில் அவர் தேர்ந்தெடுத்த பெயர்கள் எழுத்தில் இருக்கும். மேலே ஒரு க்யூஆர் கோடும் இருக்கும். அந்தத் தாளை வாக்காளரே ஸ்கேனரில் செருகுவார். ஸ்கேனர் க்யூஆர் கோடைப் படித்து எண்ணும், தாள் கீழே உள்ள பெட்டியில் விழும். நம் ஊர் விவிபேட் சீட்டை ஏழு விநாடி கண்ணாடி வழியாகப் பார்க்கத்தான் முடியும். இங்கே தாள் வாக்காளரின் கையிலேயே இருக்கிறது. தபாலில் வாக்களிப்பவர்கள் பேனாவால் வட்டத்தை நிரப்பி அனுப்புவார்கள். இரண்டு வகையிலும் காகிதம் மிஞ்சுகிறது. அந்த க்யூஆர் கோடு பின்னால் பெரிய பிரச்சினையானது. அதற்கு வருகிறேன்.

எத்தனை சீட்டைப் பார்த்தால் போதும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் ஃபிலிப் ஸ்டார்க் 2007-08 வாக்கில் உருவாக்கிய முறை, எத்தனை சோறு பார்க்க வேண்டும் என்பதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியது. ஆங்கிலத்தில் ரிஸ்க் லிமிட்டிங் ஆடிட் என்று பெயர். தமிழில் இடர்வரம்புத் தணிக்கை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதன் உறுதிமொழி இதுதான்: இயந்திரம் அறிவித்த வெற்றியாளர் தவறானவர் என்றால், தணிக்கை அதைப் பிடிக்காமல் நழுவவிடும் வாய்ப்பு ஒரு வரம்பைத் தாண்டாது. ஜார்ஜியா 2020-இல் வைத்த வரம்பு 10 சதவீதம். குலுக்கல் முறையில் சில சீட்டுகளை எடுத்துப் பார்ப்பார்கள். அறிவித்த முடிவோடு அவை அழுத்தமாக ஒத்துப்போனால் நிறுத்திவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் கடைசிச் சீட்டு வரை போக வேண்டும். குலுக்கல் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு அதிகம். கொலராடோவில் பொதுமக்கள் முன்னிலையில் பத்துமுகப் பகடையை இருபது முறை உருட்டி இருபது இலக்க எண் ஒன்றை உருவாக்குகிறார்கள். எந்தச் சீட்டைப் பார்ப்பது என்பது அந்த எண்ணிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அதிகாரி நினைத்தாலும் தனக்குப் பிடித்த பெட்டியைப் பொறுக்க முடியாது.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது வாக்கு வித்தியாசத்தின் பங்கு. இரண்டு வேட்பாளர்களுக்கு இடையே 10 சதவீத வித்தியாசம் இருந்தால், 10 சதவீத வரம்புக்கு சராசரியாகச் சுமார் 500 சீட்டு பார்த்தால் போதும். மாநிலத்தில் பத்து லட்சம் வாக்கு விழுந்தாலும் ஒரு கோடி விழுந்தாலும் அதே 500 தான். வித்தியாசம் 1 சதவீதமாகச் சுருங்கினால் சுமார் 46,000 வேண்டும். வித்தியாசம் பத்தில் ஒரு பங்கானால் பார்க்க வேண்டிய சீட்டு நூறு மடங்காகிறது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2019-இல் வகுத்தபடி, ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை எண்ணுகிறோம். வித்தியாசம் ஒரு லட்சமானாலும் நூறு ஆனாலும் அதே ஐந்துதான். இரண்டு அணுகுமுறைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இது.

ஜார்ஜியாவில் விழுந்த வாக்கு சுமார் 50 லட்சம். ஜோ பைடனுக்கும் டொனால்ட் ட்ரம்புக்கும் இடையே அப்போது தெரிந்த வித்தியாசம் சுமார் 14,000, அதாவது 0.3 சதவீதத்துக்கும் கீழே. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் சராசரியாகவே ஐந்து லட்சத்துக்கு மேல் சீட்டு பார்க்க வேண்டும். நல்ல நிச்சயத்தோடு முடிக்க வேண்டுமானால் பத்து லட்சத்தைத் தாண்டும். அத்தனையையும் 159 கவுண்டிகளின் பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பது, மொத்தத்தையும் வரிசையாக எண்ணுவதைவிட அதிக வேலை. ஜார்ஜியாவில் தேர்தல் பொறுப்பை வகித்த மாநிலச் செயலர் பிராட் ரஃபென்ஸ்பெர்கர் நவம்பர் 11 அன்று அறிவித்தார்: அதிபர் போட்டியைத் தணிக்கை செய்கிறோம், எல்லாச் சீட்டையும் கையால் எண்ணுகிறோம். அவர் ரிபப்ளிகன் கட்சிக்காரர். தோற்றுக்கொண்டிருந்தது அவர் கட்சி வேட்பாளர்.

கொலராடோ செய்வது போல, ஒவ்வொரு சீட்டையும் இயந்திரம் எப்படிப் படித்தது என்ற பதிவோடு அதே சீட்டை நேருக்கு நேர் ஒப்பிட்டால், இவ்வளவு நெருக்கமான போட்டிக்கும் சில ஆயிரம் சீட்டுகள் போதுமாயிருக்கும். அதற்குச் சீட்டுகள் ஸ்கேன் ஆன வரிசையிலேயே அடுக்கியிருக்க வேண்டும். தபால் வாக்குகளை மையத்தில் வைத்து ஸ்கேன் செய்யும் மாநிலத்தில் அது நடக்கும். சாவடி ஸ்கேனருக்கு அடியில் தாறுமாறாக விழுந்து கிடக்கும் தாள்களில் எது எந்தப் பதிவுக்கு உரியது என்று எப்படிச் சொல்வது?

ஒரு மேசை

நவம்பர் 13 காலை 9 மணிக்கு எண்ணிக்கை தொடங்கியது. 18-ஆம் தேதி நள்ளிரவுக்குள் முடிக்க வேண்டும். அட்லான்டாவை உள்ளடக்கிய ஃபுல்டன் கவுண்டி, ஜார்ஜியா வேர்ல்டு காங்கிரஸ் சென்டர் என்ற மாபெரும் கண்காட்சி அரங்கில் மேசைகளைப் போட்டு, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை ஒரு வார இறுதியில் எண்ணியது. சிறு கவுண்டிகளில் சில மேசைகளே போதுமாயிருந்தது.

ஒரு மேசைக்கு இரண்டு பேர். அவர்களிடம் ஒரு கட்டு வரும். அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது, அதன் சீல் எண் என்ன, யார் எடுத்துக் கொடுத்தார் என்று குறித்த பிறகுதான் பெட்டி மேசைக்குப் போகும். முதல் ஆள் ஒரு தாளை எடுத்து அதிபர் வரிசையில் அச்சாகியிருக்கும் பெயரை உரக்கச் சொல்கிறார். தாளை அடுத்தவரிடம் நீட்டுகிறார். அவர் காதால் கேட்டதை அப்படியே நம்பிக் குவியலில் போடக் கூடாது. தன் கண்ணால் பார்த்து, அதே பெயர்தான் என்று உறுதி செய்துகொண்டு உரிய குவியலில் வைக்கிறார். ட்ரம்ப் ஒரு குவியல், பைடன் ஒரு குவியல், லிபர்டேரியன் கட்சியின் ஜோ ஜோர்கென்சன் ஒரு குவியல். அதிபருக்கு யாரையும் தேர்ந்தெடுக்காமல் விட்டவை தனி. இரண்டு பேரைக் குறித்தவை தனி. பேனாவால் வேறு பெயர் எழுதியவையும், என்ன குறித்திருக்கிறார் என்று விளங்காதவையும் இரு கட்சிப் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருக்கும் பரிசீலனைக் குழுவுக்குப் போகும்.

பிரித்து முடித்ததும் இருவருமாகக் குவியல்களை எண்ணுகிறார்கள். தொகையை அந்தக் கட்டுக்கான தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். சீட்டுகள் பெட்டிக்குத் திரும்பும், பெட்டிக்கு மறுபடி சீல். அந்தத் தாளில் உள்ள எண்களை வோட்டிங்வொர்க்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவாக்கிய ஆர்லோ என்ற மென்பொருளில் ஒருவர் ஏற்றுவார். பத்து மேசைக்கு ஒருவர் என்ற கணக்கில் கட்சிகளின் பார்வையாளர்கள் நடுவே நடந்து பார்க்கலாம். பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் தடுப்புக்கு அப்பால் நின்று பார்க்கலாம்.

கவனித்தீர்களா, க்யூஆர் கோடை யாரும் பார்க்கவில்லை. மனிதக் கண் படிக்கக்கூடிய எழுத்தைத்தான் எண்ணினார்கள். ஸ்கேனர் எண்ணியதோ க்யூஆர் கோடை. கோடு ஒன்று சொல்லி எழுத்து வேறொன்று சொன்னால், அது இந்த மேசைகளில் வெளிப்பட்டிருக்கும். இயந்திரமே வாக்கை மாற்றிவிட்டது என்று அந்த நாட்களில் பரவிய கதைக்கு நேரான பதில் இந்த எண்ணிக்கைதான் என்பது என் கருத்து.

கிடைத்தவை

நான்கு கவுண்டிகளில் கணக்கில் வராத வாக்குகள் கிடைத்தன. ஃப்ளாய்டில் சுமார் 2,600. ஃபேயட்டில் 2,755: சீட்டுகள் ஸ்கேன் ஆகியிருந்தன, மெமரி கார்டைத்தான் மைய கம்ப்யூட்டரில் ஏற்றாமல் விட்டிருந்தார்கள். வால்டனில் 284, டக்ளஸில் 293. ஃப்ளாய்டு, ஃபேயட் இரண்டிலும் விடுபட்ட வாக்குகளில் ட்ரம்புக்கே அதிகம். ஃபேயட்டின் கார்டில் மட்டும் ட்ரம்புக்கு 1,577, பைடனுக்கு 1,128. எல்லாவற்றையும் சேர்த்தபோது பைடனின் முன்னிலை சுமார் 14,000-லிருந்து 13,000-க்கும் கீழே இறங்கியது.

இதைக் கேட்டதும் சிலர், பார்த்தீர்களா ஓட்டை இருந்திருக்கிறது என்றார்கள். ஓட்டை இருந்தது உண்மை. அதை அடைத்ததும் இதே தணிக்கைதான். தோற்றுக்கொண்டிருந்தவருக்குச் சேர வேண்டிய வாக்குகளைத் தேடிக் கொடுத்த தணிக்கையை ஒருதலைப்பட்சம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

நவம்பர் 19 அன்று முடிவு வந்தது. கையால் எண்ணியதில் பைடன் 24,75,141, ட்ரம்ப் 24,62,857. வித்தியாசம் 12,284. மறுநாள் மாநிலம் சான்றளித்த எண்ணிக்கையிலோ வித்தியாசம் 12,670. இரண்டும் ஏன் வேறு? தணிக்கை எண் அதிகாரப்பூர்வ எண்ணுக்குப் பதிலாக வருவதில்லை. வென்றவர் இவர்தானா என்பதை உறுதி செய்வது மட்டுமே அதன் வேலை. விடுபட்ட வாக்குகளைச் சேர்த்துத் திருத்திய இயந்திரக் கணக்கே சான்றளிக்கப்பட்டது. ஐம்பது லட்சம் தாளைக் கையால் எண்ணும்போது சில நூறு அங்கே இங்கே ஆவது இயல்பு. எந்தக் கவுண்டியிலும் பிழை விகிதம் 0.73 சதவீதத்தைத் தாண்டவில்லை. பெரும்பாலான கவுண்டிகளில் மாற்றம் இல்லை, அல்லது மிகச் சிறியது.

இதோடு முடியவில்லை. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்ததால், தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. ட்ரம்ப் தரப்பு கேட்டது. இந்த முறை எல்லாச் சீட்டையும் மறுபடி ஸ்கேனரில் போட்டு எண்ணினார்கள். பைடன் முன்னிலை 11,779. ஆக இயந்திரம் ஒருமுறை, கை ஒருமுறை, இயந்திரம் மறுமுறை. மூன்றிலும் அதே ஆள். 2021 ஜனவரி 2 அன்று ட்ரம்ப் தொலைபேசியில் ரஃபென்ஸ்பெர்கரிடம் கண்டுபிடித்துத் தரச் சொன்ன 11,780 என்ற எண், இந்த 11,779-ஐவிட ஒன்று அதிகம்.

பெட்டிப் பட்டியல்

குறைகளையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் ஆளுநர் பிரையன் கெம்ப் மாநிலத் தேர்தல் வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். ஃபுல்டன் கவுண்டியின் தணிக்கை அறிக்கையில் 36 முரண்பாடுகள் இருப்பதாக ஒரு குடிமகன் தொகுத்துக் கொடுத்திருந்ததை, தன் அலுவலகம் சரிபார்த்ததாக அதில் சொல்லியிருந்தார். சில கட்டுகள் ஆர்லோவில் இரண்டு முறை ஏறியிருந்தன, சிலவற்றின் எண்கள் பிசகியிருந்தன. தேர்தல் முடிவு இதனால் மாறவில்லை. ஆனால் ஒரு கட்டை இரண்டு முறை ஏற்றினால் மென்பொருளோ மேற்பார்வையாளரோ அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

தணிக்கையில் நான் முதலில் தேடுவது பெட்டிப் பட்டியலை. இந்தக் கவுண்டியில் இத்தனை பெட்டி, ஒவ்வொன்றிலும் இத்தனை கட்டு, ஒவ்வொரு கட்டிலும் இத்தனை தாள் என்று எண்ணிக்கை தொடங்கும் முன்பே எழுதி வைக்கும் பட்டியல் அது. வாக்களிக்க வந்தவர்களின் பதிவேட்டோடு அது ஒத்துப்போகிறதா என்று வாக்குப்பதிவு முடிந்த இரவே பார்த்தால், ஃப்ளாய்டில் 2,600 குறைகிறது என்று அன்றே தெரிந்திருக்கும். ஃபேயட்டிலும் அப்படித்தான். குலுக்கலும் சூத்திரமும் எவ்வளவு நுட்பமானவையாக இருந்தாலும், பட்டியலில் இல்லாத பெட்டி குலுக்கலில் வராது.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. அதைச் சொன்னவர் இந்த முறையை உருவாக்கிய ஃபிலிப் ஸ்டார்க்கே. ஜார்ஜியா நடத்தியதை இடர்வரம்புத் தணிக்கை என்று அழைக்கக் கூடாது என்றார் அவர். சீட்டை அச்சிடுவதே இயந்திரம் என்னும்போது, அச்சான தாளை வாக்காளர்கள் நின்று படித்துப் பார்த்தார்களா என்பது தெரியாது. படிக்காமல் ஸ்கேனரில் செருகியிருந்தால், அந்தத் தாள் வாக்காளரின் விருப்பம் என்பதற்கு என்ன சாட்சி? தாள்களைச் சரியாக எண்ணினோம் என்று மட்டுமே தணிக்கை சொல்லும், தாள் சரியா என்று சொல்லாது. எனக்கு இந்த வாதம் சரியாகவே படுகிறது. பேனாவால் தானே வட்டம் நிரப்பிய சீட்டில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. மறுபக்கம், இயந்திரம் அச்சை மாற்றியது என்பதற்கு ஜார்ஜியாவில் எந்த ஆதாரமும் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தபால் வாக்கின் உறையில் உள்ள கையெழுத்து உண்மையானதா என்பதும் சீட்டு எண்ணும் தணிக்கைக்கு வெளியே நிற்கும் கேள்வி. உறையையும் சீட்டையும் பிரித்த பிறகு எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது, வாக்கின் ரகசியம் அப்படித்தான் காக்கப்படுகிறது. அதற்காக 2020 டிசம்பரில் காப் கவுண்டியில் தனியாக ஓர் ஆய்வு நடந்தது. 15,118 உறைகளின் கையெழுத்தைப் பார்த்தார்கள். போலி வாக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வாக்காளரிடம் சரிபார்க்காமல் ஏற்றிருக்கக் கூடாதவை என்று இரண்டு உறைகளை மட்டும் சுட்டினார்கள்.

தணிக்கை என்ற பெயரில் நடப்பதெல்லாம் தணிக்கை ஆகிவிடாது. அரிசோனாவில் மேரிகோபா கவுண்டியின் சுமார் 21 லட்சம் சீட்டுகளை, முடிவு சான்றளிக்கப்பட்டுப் பல மாதங்கள் கழித்து, 2021-இல் மாநில செனட்டின் ரிபப்ளிகன் பெரும்பான்மை சைபர் நிஞ்ஜாஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுத்தது. அதற்குத் தேர்தல் தணிக்கையில் முன் அனுபவம் கிடையாது. எண்ணும் முறை வேலை நடக்க நடக்க மாறியது. கடைசியில் அவர்கள் கணக்கிலும் பைடனுக்கு 99 வாக்கு கூடியது, ட்ரம்புக்கு 261 குறைந்தது. ஜார்ஜியாவில் விதிகள் முன்பே எழுதப்பட்டிருந்தன, எண்ணியவர்கள் கவுண்டி ஊழியர்கள், சான்றளிப்புக்கு முன்பே முடிந்தது. சந்தேகம் தீர வேண்டும் என்று மனதார நினைக்கும் யாரும் இந்த மூன்றையும் முதலில் கேட்பார்கள்.

அதன் பிறகு

2022-லிருந்து ஜார்ஜியா, கட்டுகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு கட்டின் கை எண்ணிக்கையையும் அதே கட்டின் இயந்திர எண்ணிக்கையோடு ஒப்பிடும் முறைக்கு மாறியது. 2020-இல் மாநில, கவுண்டி மொத்தங்களைத்தான் ஒப்பிட முடிந்தது. இப்போது பிழை எந்தக் கட்டில் என்று விரல் வைத்துக் காட்டலாம், இரண்டு முறை ஏறிய கட்டு உடனே தெரிந்துவிடும். க்யூஆர் கோடு விஷயத்திலும் அசைவு வந்தது. 2024-இல் நிறைவேறிய எஸ்.பி. 189 சட்டம், 2026 ஜூலை 1 முதல் வாக்குகளைக் க்யூஆர் கோடு கொண்டு எண்ணக் கூடாது என்றது. வாக்காளர் படிக்கும் எழுத்தையே இயந்திரமும் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 2020 நவம்பரில் அந்த மேசைகளில் உட்கார்ந்தவர்கள் பெயரை உரக்கச் சொல்லிக் குவியலில் வைத்தது அந்த எழுத்தைப் படித்துத்தான்.